செவிப்பறை ஓட்டையோடு வாழ்வோரின் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசுக்கும் ஒன்றிய நலவாழ்வுத் துறைக்கும்:

காதில் சீழ் வடிந்தால் "வளர வளரச் சரியாகிவிடும்" என்று வீட்டிலும் பள்ளியிலும் தள்ளிவிடுகிறார்கள். ஒழுகி ஒழுகி விழுந்த ஓட்டை ஆறாமல் நின்றுவிட்டால் குளத்தில் இறங்க முடியாது, தலைக்கு ஊற்றப் பயம், கடைசி பெஞ்சில் பாடம் கேட்காது. பொட்டுத் தசையின் மேலுறையை எடுத்து ஓட்டையில் ஒட்டும் அறுவை நல்ல முறைதான். ஆனால் நுண்ணோக்கியும் மயக்க மருத்துவரும் தேர்ந்த கையும் தாலுகா மருத்துவமனையில் ஒன்றாக அமைவது எளிதல்ல.

ஜப்பானில் மருத்துவர் ஷினிச்சி கனேமரு வேறு வழி கண்டார். ஓட்டையின் விளிம்பைச் சுரண்டிப் புண்ணாக்கி, செல் வளர்ச்சியைத் தூண்டும் புரதத்தில் நனைத்த ஜெலட்டின் பஞ்சை வைத்து, ஃபைப்ரின் பசையால் மூடுவது. கட்டடத்துக்குக் கட்டும் சாரம்போல அந்தப் பஞ்சு திசு படர இடம் கொடுத்துப் பின் கரைந்துவிடும். மூடாவிட்டால் மறுபடி வைக்கலாம். 2019-இல் அங்கே ஒப்புதல் கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் பட்டுப் புரதத்தால் சவ்வு உருவாக்கி வருகிறார்கள்.

நாங்கள் கேட்பது இவை.

அரசு மருத்துவக் கல்லூரிகளில் இவ்வகைச் சாரங்களுக்கான ஆய்வைத் தொடங்குங்கள். பட்டு உற்பத்தியில் உலகில் இரண்டாமிடத்தில் உள்ள நாடு பட்டுச் சவ்வுக்கு இறக்குமதி விலை கொடுக்கக் காத்திருக்க வேண்டாம். செயற்கை இதய வால்வை உள்நாட்டிலேயே செய்துகாட்டிய திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் பக்கத்திலேயே இருக்கிறது.

ஆய்வுக்கு வருபவரிடம் ஒப்புதல் தமிழில், எழுத்தில் பெறப்பட வேண்டும். காது கேளாதவரிடம் வாயால் சொல்லிக் கைநாட்டு வாங்குவது ஒப்புதல் ஆகாது! படிக்கத் தெரியாதவருக்குச் சைகையிலோ படத்திலோ விளக்குங்கள். சாரத்தின் மூலப்பொருள் பன்றியிலிருந்தா, மாட்டிலிருந்தா, பட்டுப்புழுவிலிருந்தா என்பதை உறையிலேயே அச்சிடுங்கள். ஏற்பதும் மறுப்பதும் நோயாளியின் உரிமை.

முடிவுகளை வெளியிடும்போது ஓட்டை மூடியதா என்பதோடு நிறுத்தாதீர்கள். எத்தனை டெசிபல் கேட்டல் கூடியது, ஓராண்டு கழித்து மறுபடி கிழிந்ததா என்பதும், தோல்விகளின் கணக்கும் வேண்டும்.

சீழ் நிற்காத காதிலும், கொலஸ்டீட்டோமா எனும் தோல் வளர்ச்சி எலும்பை அரிக்கும் காதிலும் ஓட்டையை மட்டும் மூடிவைப்பது ஆபத்து. "அறுவையில்லாமல் ஒரே நாளில்" என்ற விளம்பரங்களை இப்போதே தடுங்கள்.

புதியது வரும்வரை பழையதைக் கைவிடாதீர்கள். பள்ளிதோறும் காதுப் பரிசோதனை, தாலுகா மருத்துவமனையில் நுண்ணோக்கி, மாவட்டவாரியாகக் கணக்கெடுப்பு. நாள்பட்ட காது ஒழுகல் 4 விழுக்காட்டைத் தாண்டினால் அவசரச் சிக்கல் என்று உலக நலவாழ்வு அமைப்பு சொல்கிறது. எந்த மாவட்டம் தாண்டியிருக்கிறது என்று மக்களுக்குச் சொல்லுங்கள். சீழால் மட்டுமல்ல, கன்னத்தில் விழும் அறையாலும் செவிப்பறை கிழியும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் அடிப்பதைத் தடை செய்துள்ளது, அதை நடைமுறைப்படுத்துங்கள்.

அடுத்த நிதிநிலை அறிக்கையில் இதற்கெனத் தனி ஒதுக்கீடு கேட்கிறோம். காது ஒழுகும் பிள்ளை உள்ள ஒவ்வொரு வீட்டாரும் இதில் கையொப்பமிட்டுத் தங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் நேரில் கொடுக்குமாறு வேண்டுகிறோம்.