ஒரு நொடி கதிரும் 90 மணி நேர பஸ்ஸும்

"ஒரே நொடியில் புற்றுநோய் சிகிச்சை!" இப்படித் தலைப்பு போட்டால்தான் மருத்துவச் செய்தி விற்கும் போல. விஷயம் 'ஃப்ளாஷ்' கதிர்வீச்சு. 2014ல் எலிகளின் நுரையீரலில் சோதித்து வெளியிட்டார்கள். 2018ல் சுவிட்சர்லாந்தின் லோசானில் முதல் நோயாளிக்கு, தோலில் இருந்த கட்டிக்குக் கொடுத்தார்கள். கண்ணிமைக்கும் நேரத்தில் பாய்ச்சினால் பக்கத்து நல்ல திசு அதிகம் கெடாது என்பது எதிர்பார்ப்பு. நல்ல ஆராய்ச்சி, நடக்கட்டும். ஆனால் நுரையீரல் புற்றுநோய்க்கு அது இன்னும் வழக்கமான சிகிச்சை ஆகவில்லை.

சரி, மேட்டூருக்கு வருவோம். தினக்கூலிக்குப் போகும் ஒருவருக்கு நுரையீரலில் கட்டி. வழக்கமான முறை என்றால் சுமார் 30 சிட்டிங், வாரம் 5 நாள், ஆறு வாரம். சேலம் போய் வர 100 கி.மீ., பஸ்ஸில் மூன்று மணி நேரம். 30 நாளைக்கு 3000 கி.மீ., 90 மணி நேரம்! கதிர் பாய்வது தினம் ஐந்து நிமிடம் என்று வைத்தாலும் மொத்தம் இரண்டரை மணிதான். அதை நொடியாகச் சுருக்கினாலும் அந்த 90 மணி அப்படியேதான் நிற்கும். காப்பீட்டு அட்டை சிகிச்சைக்கு உதவும். போன கூலியை யார் தருவார்கள்?

சிட்டிங்கைக் குறைக்கும் வழி ஏற்கனவே இருக்கிறது. பெயர் எஸ்.பி.ஆர்.டி. பரவாத சின்னக் கட்டி என்றால் மூன்று முதல் ஐந்து சிட்டிங் போதும். 2019ல் வெளியான ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஆய்வில் கட்டியைக் கட்டுப்படுத்துவதில் பழைய முறையை விட இதுவே மேல் என்று தெரிந்தது. ஒவ்வொரு முறையும் டோஸ் அதிகம், மூச்சு விடும்போது கட்டியும் நகரும். அதனால் அந்த அசைவைப் படமெடுக்கும் ஸ்கேன், குறி தப்பாத லீனியர் ஆக்ஸிலரேட்டர், பயிற்சி பெற்ற மருத்துவ இயற்பியலாளர் எல்லாம் வேண்டும்.

"நம்ம ஆட்கள் முற்றிய பிறகுதானே வருகிறார்கள், அப்புறம் இது எதற்கு?" என்பார்கள். முற்றியவர்களுக்கு இது பொருந்தாதுதான். ஆனால் மாதக்கணக்கில் இருமலுக்கு டானிக் மட்டும் கொடுத்து அனுப்பினால் முற்றாமல் என்ன செய்யும்? சீக்கிரம் ஸ்கேன் எடுப்பதும் வேகம்தான்.

மாவட்ட அரசு மருத்துவமனைகளுக்கு முதலில் இந்த வேகம் வரட்டும். வேகத்தை மெஷினுக்குப் பக்கத்தில் நின்று அளக்காதீர்கள். மேட்டூர் பஸ் ஸ்டாண்டில் நின்று அளந்து பாருங்கள்.