அப்பாவுக்கு எந்த ஹோட்டல்?

அண்ணனுக்குச் சிங்கப்பூரில் வேலை. தங்கை பாளையங்கோட்டையில் டீச்சர். அப்பா தபால் துறையில் 36 வருடம் உழைத்து, போஸ்ட் மாஸ்டராக ஓய்வு பெற்றவர்.

அப்பா, அம்மாவின் 40-வது கல்யாண நாள் வருகிறது. ‘இரண்டு பேரையும் சிங்கப்பூருக்கு வரவழைத்து, ஊரின் நடுவில் ஒரு பெரிய ஹோட்டலில் இரண்டு ராத்திரி தங்க வைக்க வேண்டும். செலவு பாதிப் பாதி’ என்று பிள்ளைகள் முடிவு செய்தார்கள். தங்கை தன் பங்குக்குச் சீட்டுப் பணத்தை எடுத்து வைத்தாள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. எந்த ஹோட்டல்?

“ராஃபிள்ஸ்தான். அதைவிடப் பெரிய பேர் இந்த ஊர்ல கிடையாது” என்றான் அண்ணன்.

அவன் சொன்னதில் தப்பில்லை. ஆர்மீனியர்களான சார்க்கீஸ் சகோதரர்கள் 1887-ல், கடற்கரை ஓரத்துப் பங்களா ஒன்றில் பத்து அறைகளோடு ஆரம்பித்தது அது. இன்று பார்க்கிற வெள்ளை மாளிகை 1899-ல் கட்டியது. பின்னால் கடலைத் தூர்த்து நிலமாக்கியதால், பீச் ரோடு என்ற பெயர் மட்டும் இருக்கிறது, பீச் தள்ளிப் போய்விட்டது. 2017-ல் மூடி, புதுப்பித்து, 2019-ல் மறுபடி திறந்தார்கள். மொத்தம் 115 அறைகள். அத்தனையும் ‘சூட்’ எனப்படும் பெரிய அறைகள். ஒவ்வொன்றுக்கும் பட்லர் சேவை உண்டு. வாசலில் தலைப்பாகை கட்டிய சீக்கியக் காவலர் நிற்பார்.

தங்கை கேட்டது ஒரே கேள்வி. “எவ்வளவு அண்ணே?”

இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். சிங்கப்பூரில் பெரிய ஹோட்டல்களின் விலைக்குப் பக்கத்தில் இரண்டு ‘பிளஸ்’ குறி இருந்தால், பார்க்கிற விலை முழு விலை இல்லை. முதலில் 10 சதவிகிதம் சேவைக் கட்டணம் சேரும். அந்த மொத்தத்தின் மேல் 9 சதவிகிதம் ஜி.எஸ்.டி. வரும். அதாவது, 500 டாலர் என்று பார்த்த அறை, பில்லில் 599 டாலர் 50 காசு ஆகிவிடும். இரண்டு ராத்திரிக்கு 199 டாலர் கூடுதல்! அறையே ராஃபிள்ஸில் பொதுவாக விலை அதிகம். கணக்குப் போட்டதும், சீட்டுப் பணம் பத்தாது என்று தங்கைக்குப் புரிந்துவிட்டது.

“மிச்சத்தை நான் போட்டுக்கறேன்” என்றான் அண்ணன்.

“வேணாம்ண்ணே. அப்பாவுக்கு நானும் பாதி செய்யணும்.”

இரண்டு நாள் பேச்சே இல்லை. மூன்றாம் நாள் தங்கைதான் போன் செய்தாள். “அந்த ஊர்ல பழைய போஸ்ட் ஆபீஸை ஹோட்டலா மாத்தியிருக்காங்களாமே, அது எது?”

ஃபுல்லர்ட்டன்! தினமும் அதைத் தாண்டித்தான் அண்ணன் ஆபீஸுக்குப் போகிறான். தோன்றவே இல்லை.

சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில், பெரிய பெரிய தூண்களோடு 1928-ல் திறந்த கட்டடம் அது. அங்கேதான் சிங்கப்பூரின் தலைமைத் தபால் நிலையம் 1996 வரை இயங்கியது. கப்பலில் போகும் தபால் மூட்டைகளைப் படகுத்துறைக்குக் கொண்டுபோகத் தரைக்கு அடியில் ஒரு பாதையே இருந்தது. அந்தக் காலத்தில் தீவின் சாலைத் தூரங்களை இந்த இடத்திலிருந்துதான் அளந்தார்கள். 2001-ல் 400 அறைகள் கொண்ட ஹோட்டலாக மாறியது. பழைய தபால் தலைகளும் சிவப்புத் தபால் பெட்டிகளும் உள்ளேயே காட்சிக்கு இருக்கின்றன.

அம்மாவுக்கு மூட்டுவலி. அதையும் யோசித்தார்கள். ஃபுல்லர்ட்டனுக்கு எதிர்ச்சாரியில்தான் மெர்லயன் சிலை. பக்கத்திலேயே 1869-ல் கட்டிய கேவனா பாலம், ஆற்றங்கரை. கொஞ்சம் நடந்து, கொஞ்சம் உட்கார்ந்து பார்த்துவிடலாம். ராஃபிள்ஸில் வேறு சுகம். தோட்டம், வராந்தா, அமைதி. வெளியே சுற்றாமல் ஹோட்டலுக்குள்ளேயே ஓய்வாக இருக்க விரும்புகிறவர்களுக்கு அது பொருத்தம். அப்பா ஓரிடத்தில் உட்காருகிற ஆள் இல்லை.

முடிவானது ஃபுல்லர்ட்டன். ராஃபிள்ஸை அடியோடு விட்டுவிடவும் இல்லை. அங்கே இருக்கும் ‘டிஃபின் ரூம்’ உணவகத்தில் வட இந்தியச் சாப்பாடு கிடைக்கும். கல்யாண நாள் மதியம் அங்கே நால்வருக்கும் ஒரு மேஜை. பில் அண்ணனுடையது. பெரிய ஹோட்டலை ரசிக்க அங்கே தங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லையே!

நீங்களும் இப்படி இரண்டு ஹோட்டல்களுக்கு நடுவே தவிக்கிறீர்களா? பணம் கட்டுவதற்கு முன் இவற்றைக் கேட்டுவிடுங்கள்:

• வரிகளோடு சேர்த்து முழுத் தொகை எவ்வளவு? காலைச் சாப்பாடு அதில் அடக்கமா?

• ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது? ஃபுல்லர்ட்டனிலேயே சில அறைகளின் ஜன்னல் ஆற்றைப் பார்க்காது, கட்டடத்தின் உள்முற்றத்தைத்தான் பார்க்கும்.

• அறை எத்தனை மணிக்குக் கிடைக்கும்? விமானம் விடிகாலையில் இறங்கினால், பெட்டியை வைத்துவிட்டு மதியம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.

• எந்த ரயில் நிலையத்தில் இறங்க வேண்டும்? ‘ராஃபிள்ஸ் பிளேஸ்’ நிலையத்தில் இறங்கினால் பக்கத்தில் இருப்பது ஃபுல்லர்ட்டன். ராஃபிள்ஸ் ஹோட்டலுக்கு ‘சிட்டி ஹால்’ அல்லது ‘எஸ்பிளனேடு’ நிலையத்தில் இறங்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், தங்கப்போகிறவர் யார் என்று யோசியுங்கள். நமக்குப் பெருமை தரும் இடமும் அவருக்குப் பிடித்த இடமும் ஒன்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது.

விஷயத்தைச் சொன்னபோது அப்பா வழக்கம்போல, “எதுக்கு இவ்வளவு செலவு?” என்றுதான் ஆரம்பித்தார். பழைய போஸ்ட் ஆபீஸ் என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

“தபால் பிரிக்கிற இடம் எந்தப் பக்கம் இருந்ததுன்னு அங்கே யாருக்காவது தெரியுமாம்மா?”