சாவுக்குப் பின் வரும் ஏணி



கதவற்று நிற்கும் மின்பெட்டி, காரை பெயர்ந்து இரும்பு வெளித்தெரியும் மின்கம்பம், கைக்கெட்டும் அளவிற்குத் தொய்ந்த கம்பி ஆகிய இவற்றை நாள்தோறும் கடந்து செல்கின்றோம். பார்த்துப் பழகிவிட்டமையால் இடரென்றே கருதுவதில்லை. மழை பெய்கின்றது; தேங்கிய நீரில் மின் பாய்கின்றது; உயிர் போகின்றது. அதன் பின்னரே ஏணி வருகின்றது, அலுவலர் வருகின்றனர்.

2017 நவம்பர் 1ஆம் நாள் சென்னைக் கொடுங்கையூரில், மழைநீரில் கிடந்த மின்கம்பியை மிதித்து இரண்டு சிறுமியர் மாண்டனர். பின்னர் இழப்பீடு அறிவிக்கப்பட்டது. அலுவலர் சிலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். அவ்விரைவில் ஒரு பங்கேனும் முன்னரே காட்டப்பட்டிருப்பின் அக்குழந்தைகள் இன்று வளர்ந்து நிற்பர்!

இத்தகைய சாவுகளை ஊழ் என்று சொல்லி ஓய்வது அறியாமை. மிகுமின் பாயும்போது உருகி அறுந்து மின்னைத் துண்டிக்கவே மெல்லிய உருகுகம்பி வைக்கப்படுகின்றது. அதனிடத்தில் தடித்த கம்பியைச் செருகுவது ஊழா? நிலத்தொடர்புக் கம்பி அறுந்ததைக் கண்டும் விட்டுவைப்பது ஊழா?

"போய்ச் சொன்னோம், எவரும் வரவில்லை" என்பது நம்மவர் விடை. வாயாற் சொன்னதற்குச் சான்று எது? உயிர் போன மறுநாள், அம்முறையீடு சொல்லப்படாததாகவே ஆகிவிடும். ஆகவே எழுதுங்கள்! கம்பத்தின் எண், தெரு, கண்ட குறை, கண்ட நாள் ஆகிய நான்கையும் எழுதி, தெருவார் பலரும் கையெழுத்திட்டு, மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். உடனடி இடராயின், 2021இல் தொடங்கப்பெற்ற மின்னகத்தின் 94987 94987 என்னும் எண்ணிற் சொல்லி, முறையீட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அறுந்த கம்பியை எவரும் அணுகாவண்ணம் தொலைவில் நின்று காவல் காருங்கள். கழிகொண்டு தள்ளவும் முற்படாதீர்கள்.

ஆங்கிலம் அறியோமே என்று தயங்க வேண்டா. 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழே இந்நாட்டின் ஆட்சிமொழி. தமிழில் எழுதுவதும் தமிழில் விடை கேட்பதும் சலுகையல்ல, உரிமை! விடை வாராதாயின், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், என்ன செய்தீர் என்று கேளுங்கள்.

அரசுக்கும் ஒன்று சொல்வோம். மண்டையோட்டுப் படமும் 'அபாயம்' என்னும் வடசொல்லும் பொறித்த தகடு நம்மை அச்சுறுத்துகின்றதேயன்றி, குறையை எவரிடம் சொல்வதென்று கூறுவதில்லை. ஒவ்வொரு மின்மாற்றியிலும் மின்பெட்டியிலும் அதன் எண்ணும், பிரிவு அலுவலகத்தின் பெயரும், தொலைபேசி எண்ணும் நல்ல தமிழில் எழுதப்பெறுதல் வேண்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டா, மனம் வேண்டும்.

கம்பமேறும் தொழிலாளியும் நம்மவனே. பழுதுற்ற கருவி அவனுயிரையும் குடிக்கின்றது. நம் முறையீடு அவனுக்கு எதிரானதன்று. அவனுக்குப் போதிய ஆளும் கையுறையும் கொடாத மேலிடத்திற்கு எதிரானது.

இனங்காப்போம் என்று முழங்குவோர் முதற்கண் தம் தெருக்குழந்தையைக் காக்கட்டும். ஒரு தாள் போதும். இத்திங்களே எழுதுங்கள்; மழைக்கு முன் எழுதுங்கள்!