பாடம் வீட்டுக்கு வருகிறது, வீடு தயாரா?

2007இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஜொனதன் பேர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரு இரசாயனவியல் ஆசிரியர்கள், வகுப்புக்கு வரமுடியாத மாணவர்களுக்காகப் பாடங்களைக் காணொளியாகப் பதிவுசெய்யத் தொடங்கினார்கள். அதிலிருந்து பரவியதுதான் 'தலைகீழ் வகுப்பறை': விளக்கத்தை வீட்டில் பார்ப்பது, பயிற்சியையும் கேள்வியையும் வகுப்பில் வைத்துக்கொள்வது.

இது நல்ல முறை என்றே நான் நினைக்கிறேன். பிள்ளை தடுமாறும் நேரத்தில் ஆசிரியர் பக்கத்தில் இருக்கிறார். ஆனால், பாடத்தின் பாரம் வீட்டுக்கு மாறுகிறது. வன்னியில் பல வீடுகளில் இருப்பது ஒரே கைபேசி. அதுவும் தாயுடன் கூலிவேலைக்குப் போய்விடும். 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வாட்ஸ்அப்பில் வந்த பாடங்கள் யாரைச் சென்றடையவில்லை என்பதைக் கண்டோம். போரில் படிப்பை இழந்தவர்களின் பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள்.

எனவே, கருவிகளை வாங்குவதற்கு முன் வீடுகளைக் கணக்கெடுக்க வேண்டும். இணையம் இல்லாமலே இயங்கும் கொலிப்ரி போன்ற இலவச மென்பொருளைப் பாடசாலைக் கணினியில் நிறுவலாம். பாடசாலை முடிந்த பிறகு அங்கேயே காணொளி பார்க்க ஒரு மணிநேரம் ஒதுக்கலாம். கைபேசி உள்ளவர்களுக்கு மெமரி கார்ட்டில் பதிந்து கொடுக்கலாம். இத்தகைய திட்டத்தோடு வருகிறவர்களிடம் பெற்றோர் முதலில் கேட்கவேண்டியது ஒன்றுதான்: வீட்டில் பார்க்க முடியாத பிள்ளைக்கு என்ன ஏற்பாடு?