கண்ணாடிக்குள்ள யார்ட வியர்வை?

கையெழுத்துப் போட்ட ஜேர்சி எண்டு பேஸ்புக்கில ஒரு படம் வந்தாப் போதும், இன்பொக்ஸில விலை கேட்க எங்கட பொடியன்கள் வரிசையா நிக்கிறாங்க. கட்டாரில இருக்கிற மச்சானுக்கும் சொல்லி வெச்சாச்சு. மெஸ்ஸி, கோஹ்லி, யார்டையெண்டாலும் சரி. கண்ணாடிச் சட்டம் போட்டு ஹோலில மாட்டணும். அதில உண்மையில ஆர் கையெழுத்து வெச்சது எண்டு மட்டும் கேட்கக் கூடாது!

இந்தப் பைத்தியம் எங்கட ஊரில பிறந்ததில்ல. 1932 உலகத் தொடரில பேப் ரூத் போட்டிருந்த பேஸ்போல் சட்டை 2024 ஓகஸ்டில 24 மில்லியன் டொலருக்கு மேல ஏலம் போனது. 2005இல அதே சட்டையின் விலை பத்து இலட்சம் டொலரைக்கூடத் தொடல்ல. இடையில ரூத் எழும்பி வந்து இன்னொரு அடி அடிச்சாரா? இல்லை. பழைய போட்டோக்களோட சட்டையை ஒப்பிட்டு, “அண்டைக்குப் போட்டது இதுதான்” எண்டு உறுதிப்படுத்தினாங்க. கூடின விலையில பெரும்பங்கு அந்த ஆதாரத்துக்குத்தான்.

ஆதாரம் இல்லாட்டி என்ன நடக்கும் எண்டதுக்கும் அமெரிக்காவே சாட்சி. 1990களின் கடைசியில எப்.பி.ஐ. போலிக் கையெழுத்துக் கும்பல்களைப் பிடிக்கப் போனப்போ, அன்னை தெரேசா கையெழுத்திட்ட பேஸ்போல் பந்தும் அகப்பட்டது. கல்கத்தாவில தொழுநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த கிழவி பந்தில கையெழுத்துப் போட்டாவாம்! அதையும் நம்புறதுக்கு ஆள் இருந்திருக்கு. அப்ப இன்பொக்ஸில வாற உங்கட மெஸ்ஸிக்கு ஆர் பொறுப்பு?

சேகரிக்கிறதே பிழை எண்டு சொல்லல்ல. 2020 ஜனவரியில ஷேன் வோர்ன் தன்ர டெஸ்ட் தொப்பியை காட்டுத்தீ நிவாரணத்துக்காக ஏலம் விட்டார். பத்து இலட்சம் ஆஸ்திரேலிய டொலருக்கு மேல வந்தது. வாங்கின வங்கி அதை அலுமாரியில பூட்டி வெக்கல்ல, பிராட்மன் அருங்காட்சியகத்துக்குக் குடுத்தது. மரடோனாட 1986 சட்டையையும் ஏலத்துக்கு முதல் கனகாலம் மன்செஸ்டர் பக்கம் சனம் காட்சிக்கூடத்தில போய்ப் பார்க்க முடிஞ்சது. அது வேற கதை. நாங்க சண்டை பிடிக்கிறது ஹோலில தொங்குற ஆதாரமில்லாத துணியோட.

இன்னும் பெரிய கோபம் ஒண்டிருக்கு. எங்கட கழகங்கள் ஒவ்வொரு மென்பந்துச் சுற்றுப்போட்டிக்கும் புது ஜேர்சி அடிக்குது. முன்னால அனுசரணைக் கடையின் பெயர், சில நேரம் அரசியல்வாதிட முகமும். அடுத்த வருசம் அது வயலுக்குப் போடுற சட்டை, அதுக்கடுத்த வருசம் மோட்டார் சைக்கிள் துடைக்கிற துணி. காரைதீவுக்கும் மாளிகைக்காட்டுக்கும் சாய்ந்தமருதுக்கும் நடுவில எத்தனை மெச்சுகள்! ஊர்கள் முகம் பார்க்காம இருந்த காலங்களிலயும் பந்து எல்லை தாண்டிப் போனது. அதில விளையாடின ஒருத்தன்ட சட்டை, ஒரு ஸ்கோர் கொப்பி ஆரிட்ட இருக்கு? 2004 டிசம்பர் 26இல வீடுகளோட அல்பங்களையும் கடலுக்குக் குடுத்த கரை இது. மிச்சமிருக்கிறதையாவது துடைக்கிற துணியாக்காம இருக்கலாமே!

காரைதீவில பிறந்த விபுலாநந்த அடிகள் யாழ் நூல் எழுத எத்தனையோ வருசம் தேட வேண்டி வந்தது ஏன் தெரியுமா? பழைய யாழ் ஒண்டுகூட மிஞ்சல்ல. பாட்டுகளையும் உரைகளையும் வெச்சுக் கணக்குப் போட்டுத்தான் அவர் அதைத் திருப்பிக் கட்டினார். 1947இல நூல் வெளிவந்தது, அதே வருசம் அவரும் போயிட்டார். ஜேர்சியை யாழோட வெக்கிறதா எண்டு சிரிக்கிறவங்க சிரியுங்க.

கழகச் செயலாளர்மாரே, அடுத்த இறுதிப்போட்டி முடிஞ்ச கையோட ரெண்டு சட்டையை ஒதுக்குங்க, ஒண்டு வெண்டவன்ட, ஒண்டு தோத்தவன்ட. கழுவி, நிழல்ல காய வெச்சு, பருத்தித் துணியில சுத்துங்க. பொலித்தீன் வேணாம், கடற்கரை ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடிக்கும். திகதி, மைதானம், போட்டவன்ட பெயர், எடுத்த ஓட்டம் எல்லாம் ஒரு தாளில எழுதி உள்ள வையுங்க. அவன்ட கையெழுத்தையும் அந்தத் தாளிலயே வாங்குங்க, ஆள் பக்கத்திலதான் நிக்கிறான். வாசிகசாலையில ஒரு அலுமாரித் தட்டு கேட்டா இல்லையெண்டு சொல்லப்போறது ஆர்?