பழைய படத்தை எறிந்துவிடாதீர்கள்

உங்கள் வீட்டு அலுமாரியின் மேல் தட்டில் பழைய எக்ஸ்ரே படங்கள் கிடக்கின்றனவா? பெருநாளைக்கு வீடு துப்புரவாக்கும்போது குப்பையோடு முதலில் போவது அவைதாம். சில வீடுகளில் கிரகணம் பார்க்கவென்று பிள்ளைகள் எடுத்துப் போய்விடுகிறார்கள். (அது கண்ணுக்குக் கேடு என்பதையும் இங்கேயே சொல்லி வைக்கிறேன்.)

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். வாப்பாவுக்கு விடாத இருமல். டொக்டர் நெஞ்சுக்கு சீ.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார். அறிக்கையில், 'வலது நுரையீரலில் 6 மில்லிமீற்றர் முடிச்சு' என்று ஒரு வரி. அன்றிரவு அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது.

முடிச்சு என்றாலே புற்றுநோய் என்பதல்ல. ஆறிப்போன காசநோயின் தழும்பாக இருக்கலாம். பழைய பங்கசுத் தொற்றின் அடையாளமாக இருக்கலாம். அமெரிக்காவில் கடுமையாகப் புகைபிடித்தவர்கள் 53,000க்கும் அதிகமானோரைக் கொண்டு நடத்திய ஆய்வொன்றின் முடிவு 2011இல் வெளியானது. அதில் சீ.டி. ஸ்கேன் சந்தேகத்துக்குரியது என்று காட்டியவற்றுள் 100க்கு 96 புற்றுநோயாக இருக்கவில்லை.

மிச்ச நான்கை எப்படிப் பிரித்தறிவது? தழும்பு அப்படியே கிடக்கும், புற்று வளரும். ஆகவே ஒரு படம் போதாது, இரண்டு வேண்டும். "மூன்று மாதம் கழித்து வாருங்கள்" என்று டொக்டர் சொல்வது இதற்காகத்தான். அதைக் கவனக்குறைவு என்று நினைத்து மனம் நோகிறவர்களும் உண்டு, 'அப்படியானால் ஒன்றுமில்லை' என்று நினைத்துத் திரும்பிப் போகாமலே விடுகிறவர்களும் உண்டு. இரண்டாவது ஆட்களுக்காகத்தான் எனக்குப் பயம்.

இரு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். 5 மில்லிமீற்றர் முடிச்சு 6.3 மில்லிமீற்றர் ஆனால் அதன் கனவளவு இரட்டித்துவிட்டது என்று அர்த்தம்! கண்ணுக்கோ அது ஒரு மயிரளவு வித்தியாசம். அன்று இழுத்த மூச்சும் இன்று இழுத்த மூச்சும் ஒன்றல்ல. விலா எலும்பும் இரத்தக் குழாயும் இடம் மாறித் தெரியும். ஒரு ஸ்கேனில் நூற்றுக்கணக்கான குறுக்குவெட்டுப் படங்கள் வேறு.

இங்கேதான் கணனி கை கொடுக்கிறது. சிக்காகோ பல்கலைக்கழகத்தில் குனியோ டோய் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் 1990களில் சாதாரண நெஞ்சு எக்ஸ்ரேயில் இதைச் செய்து காட்டினார்கள். ஒரு படத்தை மற்றதோடு விலா எலும்புக்கு விலா எலும்பு பொருந்தும்படி கணனி வளைத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும். மாறாதவை மங்கிப்போகும், புதிதாக வந்தது மட்டும் துலங்கி நிற்கும். இப்போது சீ.டி. ஸ்கேனில் அதே முடிச்சைத் தேடிப் பிடித்துக் கனவளவையும் கணக்கிட்டுவிடுகிறது. நெதர்லாந்து, பெல்ஜியம் நாடுகளில் நடந்து 2020இல் முடிவு வெளியான நெல்சன் ஆய்வு இந்தக் கணக்கையே நம்பியது. முடிச்சு 400 நாளைக்குள் இரட்டிக்கும் வேகத்தில் வளர்ந்தால் உடனே மேலதிக பரிசோதனை. ஸ்கேன் செய்யப்பட்ட ஆண்களிடையே பத்து வருடத்தில் நுரையீரல் புற்றுநோய் மரணம் 24 வீதம் குறைந்திருந்தது.

கணனியும் பிழை விடும். இரத்தக் குழாய் வளைவை முடிச்சு என்று காட்டும். 25 வீதத்துக்குக் குறைந்த மாற்றத்தை நெல்சன் ஆய்வில் வளர்ச்சியாகவே எடுக்கவில்லை. அது அளவையின் தடுமாற்றமாக இருக்கலாம். கடைசி வார்த்தை கதிரியல் நிபுணருடையதுதான்.

ஆனால் பழைய படம் இல்லையென்றால் நிபுணரும் கணனியும் எதனோடு ஒப்பிடுவது? அறிக்கைத் தாள் மட்டும் போதாது, படங்கள் அடங்கிய இறுவட்டையும் கேட்டு வாங்குங்கள். உறையில் திகதியை எழுதுங்கள். முடிந்தால் அடுத்த ஸ்கேனையும் அதே இடத்தில் எடுங்கள். வாப்பா மறந்தாலும், போகும் நாளில் அந்தப் பழைய உறையை நீங்கள் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.