சில்லுக்கு வெளியே ஒரு வரலாறு

நுண்ணிய வாய்க்கால்களில் திரவங்களை ஓட்டும் மைக்ரோஃப்ளூயிடிக்ஸ் துறையின் கதையை எழுதுகிறவர்கள் இரண்டு ஆண்டுகளைத் தவறவிடுவதில்லை. 1979-இல் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீஃபன் டெர்ரியும் சகாக்களும் வாயுக்களைப் பிரித்தறியும் கருவியைச் சிலிக்கான் தகட்டில் செதுக்கினார்கள். 1990-இல் பாசலின் சீபா-கைகி நிறுவனத்தில் ஆண்ட்ரியாஸ் மான்ஸ் குழு, வேதியியல் பகுப்பாய்வு முழுவதையும் சிறு சில்லில் அடக்கும் திட்டத்தை முன்வைத்தது. அந்தச் சில்லை எதற்குள் வைப்பது என்பதைப் பற்றி இந்தக் கதைகள் அதிகம் பேசுவதில்லை.

கணினிச் சில்லைக் கறுப்பு எபாக்ஸிக்குள் முழுதாக மூடிவிடலாம். ரத்தம் சோதிக்கும் சென்சாருக்கு அந்த வசதி இல்லை. அதன் ஒரு முனையை ரத்தம் தொட்டே ஆக வேண்டும். சில மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் மின்தொடர்பைத் தொடவே கூடாது. ஒட்டும் பசை வழிந்தால் வாய்க்கால் அடைபடும். ஒட்டுவதற்குச் சூடேற்றினால் சென்சாரிலுள்ள என்சைம் கெட்டுப்போகும்.

இந்தச் சிக்கலை அழகாக அவிழ்த்தது 1992-இல் நியூ ஜெர்சியின் ஐ-ஸ்டாட் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த கையடக்கக் கருவி. அதன் பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜுக்குள் ஒரு ஃபாயில் பை. பைக்குள் செறிவு முன்பே தெரிந்த திரவம். கார்ட்ரிட்ஜைச் செருகியதும் கருவி பையை அழுத்துகிறது, அடியிலுள்ள முள் அதைக் கிழிக்கிறது, திரவம் சென்சார்கள்மேல் பாய்ந்து அவற்றைச் சரிபார்க்கிறது. அடுத்து ஒரு காற்றறை அழுந்த, ரத்தம் முன்னேறி அந்தத் திரவத்தை அப்புறப்படுத்துகிறது. சில நிமிடங்களில் சோடியம், பொட்டாசியம், குளுக்கோஸ் அளவுகள் திரையில் வந்துவிடும். கருவிக்குள் ஒரு சொட்டு ரத்தமும் போவதில்லை. கழிவும் கார்ட்ரிட்ஜோடு குப்பைக்குப் போகிறது. என் கணக்கில் இங்கே கண்டுபிடிப்பே உறைதான்.

1998-இல் ஹார்வர்டின் ஒயிட்சைட்ஸ் குழு சிலிக்கோன் ரப்பரில் வாய்க்கால்களை விரைவாக வார்க்கும் வழியைக் காட்டியது. ஆய்வுக்கூடங்களுக்கு அது வரம். உறைக்கோ பின்னடைவு என்பேன். சில்லு கட்டைவிரல் அளவு, சுற்றிலும் குழாய்களும் பம்புகளும் நுண்ணோக்கியும் மேசை நிறைய! போதாததற்கு அந்த ரப்பர் நீராவியைக் கசியவிடும், சில மருந்து மூலக்கூறுகளை உறிஞ்சிக்கொள்ளும்.

வீடுகளுக்கு வந்து சேர்ந்ததோ வேறொரு கிளை, திரவம் உறிஞ்சும் பட்டைச் சோதனைகள். பிரிட்டனின் யூனிபாத் 1988-இல் விற்ற ஒரே படி கர்ப்பச் சோதனைக் குச்சியும், கோவிட் காலத்துச் சோதனை அட்டையும் அந்த வழி வந்தவை. அட்டையின் பிளாஸ்டிக் கூடு வெறும் மூடியல்ல. உட்புறத்துச் சிறு முகடுகள் திரவம் உறிஞ்சும் பட்டைகளைச் சவ்வோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கின்றன. அழுத்தம் குறைந்தால் திரவம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒழுங்காகத் தாண்டாது. மிஞ்சினால் சவ்வு நசுங்கி ஓட்டமே தடுமாறும்.